ரெண்டு நிமிஷத்துக்கு வந்த மனுஷன்: மயில்சாமியின் நாற்பது வருஷம்

சேலத்துல இருந்து பேசறேன். மேல சீலிங் ஃபேன் ஓடற சத்தம் கொஞ்சம் கேட்கும். அதை நிறுத்தினா பேசறவன் வெந்துடுவான், அதனால பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு சின்ன விளையாட்டு. மயில்சாமி நடிச்ச படம் ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா டக்குனு என்ன வருது? கொஞ்சம் தடுமாறுவீங்க. கவுண்டமணி படம்னா உடனே நாலு வரும். வடிவேலு படம்னா பத்து வரும், வசனத்தோட வரும். ஆனா மயில்சாமி முகத்தைக் காட்டினா, "அட, இவரா, இவரை ஒரு நூறு படத்துல பார்த்திருக்கேனே"ன்னு சொல்வீங்க. எந்த நூறுன்னுதான் தெரியாது.

1984-ல ஆரம்பிச்சு 2023 பிப்ரவரி வரைக்கும், கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒருத்தர் நம்ம கண் முன்னாடியே நின்னுட்டு இருந்தார். ரெண்டு நிமிஷம் வருவார், சிரிக்க வைப்பார், போயிடுவார். அந்த ரெண்டு நிமிஷத்தைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறேன். மிமிக்ரி பத்தியும் பேசணும். ஏன்னா அவர் அங்கிருந்து வந்தவர். அடுத்தவங்க குரல்ல பேசிப் பொழைக்கிற ஒருத்தருக்குத் தனக்குன்னு என்ன மிஞ்சும்ங்கிற கேள்வி எனக்கு ரொம்ப நாளா இருக்கு. இப்ப ஃபோன்லயே யார் குரலையும் செஞ்சுடலாம்ங்கிற காலத்துல அந்தக் கேள்வி இன்னும் பெரிசாயிடுச்சு.

முதல்ல ஆளைப் பார்த்துடலாம்.

மயில்சாமி பிறந்தது 1965 அக்டோபர் 2. ஊர் சத்தியமங்கலம். எங்க ஊர்ல இருந்து சங்ககிரி, பவானி, கோபி தாண்டிப் போனா வந்துடும். அப்படியே மேல ஏறினா திம்பம் மலைப்பாதை, அதுக்கு அந்தப் பக்கம் மைசூர் போற ரோடு. அதாவது கொங்கு நாட்டுக்காரர். அவர் பேச்சைக் கவனிச்சா தெரியும். மெட்ராஸ் வந்து எத்தனை வருஷம் ஆனாலும் அந்த 'ங்க' போகலை. ஒரு சொல்லைச் சொல்லி முடிச்சுட்டு அதோட வாலைக் கொஞ்சம் இழுத்து விடுற பழக்கம் போகலை. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பசங்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம். திரையில நம்ம சித்தப்பா பேசற மாதிரி இருக்கும்.

சினிமாவுல முதல் தடவை முகம் தெரிஞ்சது பாக்யராஜோட 'தாவணிக் கனவுகள்', 1984. கூட்டத்துல ஒருத்தர், அவ்வளவுதான். அடுத்தது 'கன்னிராசி', 1985. மளிகை சாமான் கொண்டு வந்து கொடுக்கிற ஆள். 1989-ல 'அபூர்வ சகோதரர்கள்'. கமல்ஹாசனோட நண்பர்கள்ல ஒருத்தர். அதுதான் கொஞ்சம் கவனிக்கிற மாதிரி கிடைச்ச வேலை. பாருங்க, கூட்டத்துல ஒருத்தர்ல இருந்து நண்பர்கள்ல ஒருத்தர் ஆகறதுக்கே அஞ்சு வருஷம்!

அந்த அஞ்சு வருஷமும் அதுக்கு அப்புறமும் அவரைக் காப்பாத்தினது மேடை. இதை இன்னிக்கு இருபது வயசுல இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும்.

அப்ப ஸ்டாண்ட்அப் காமெடின்னு தனியா டிக்கெட் போட்டு யாரும் நடத்தலை. இருந்தது லைட் மியூசிக் கச்சேரி. எங்க பக்கம் அதை 'ஆர்கெஸ்ட்ரா'ன்னுதான் சொல்லுவோம். ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, வைகாசியில திருச்செங்கோடு தேர், மாசி பங்குனியில ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. எல்லாத்துக்கும் ராத்திரி ஆர்கெஸ்ட்ரா இருக்கும். பாட்டுக்காரங்க நாலஞ்சு பாட்டு பாடி முடிச்சு, தண்ணி குடிக்கணும், தபேலாவைச் சுருதி சேர்க்கணும், அடுத்த பாட்டு நோட்ஸை எடுத்து வைக்கணும். அந்த இடைவெளியில கூட்டம் எழுந்து போயிடக் கூடாது. அதுக்குத்தான் மிமிக்ரி. பலகுரல் கலைஞர்னு நோட்டீஸ்ல போடுவாங்க. அவருக்குக் கொடுக்கிறது அஞ்சு நிமிஷம், அதிகமாப் போனா பத்து. பாட்டுக்காரர் ரெடின்னு பின்னாடி இருந்து கை காட்டினா, பாதி ஜோக்குல கூட முடிச்சுட்டு இறங்கணும்.

ரெண்டு நிமிஷத்துல வந்த வேலையை முடிக்கிற பயிற்சி அங்க இருந்துதான் வந்திருக்கணும்னு நான் நினைக்கிறேன். மயில்சாமி லஷ்மண் ஸ்ருதி மாதிரிப் பெரிய குழுக்களோட மேடையில வளர்ந்தவர். 'சிரிப்போ சிரிப்பு'ன்னு காமெடி கேசட்டும் வந்துச்சு. யூடியூப்புக்கு முன்னாடி சிரிப்பு ஊர் ஊராப் போனது கேசட்லதான்.

நான் வளர்ந்தது பள்ளிபாளையம் பக்கம். காவிரிக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம், பாலம் தாண்டினா ஈரோடு. எங்க தெரு முழுக்க விசைத்தறி. தறி ஓடற பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா? பக்கத்துல நின்னு கத்தினாலும் கேட்காது. அதனால தறிக்காரங்க உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க, கையால பதில் சொல்லுவாங்க. கரண்ட் போச்சுன்னா திடீர்னு ஒரு அமைதி வரும். அந்த அமைதியில யாராவது பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டர்ல காமெடி கேசட்டைப் போடுவாங்க. பஸ்லயும் போடுவாங்க. திருச்செங்கோடு போற தனியார் பஸ்ல டிரைவருக்கு எந்த கேசட் பிடிக்குமோ அதுதான் அன்னிக்கு எல்லாருக்கும். ஒரே கேசட்டை நூறு தடவை கேட்டிருப்போம். எங்க சிரிக்கணும்னு முன்னாடியே தெரியும், இருந்தாலும் அந்த இடம் வந்தாச் சிரிப்போம்.

இப்ப மிமிக்ரின்னா உண்மையில என்னன்னு பார்ப்போம்.

நிறைய பேர் அதை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி நினைக்கிறாங்க. குரலை அப்படியே எடுத்து ஒட்டறதுன்னு. அப்படி இல்லைங்க. மிமிக்ரி பண்றவர் முதல்ல எதை விடணும்னு முடிவு பண்ணணும். ஒரு மனுஷன் குரல்ல ஆயிரம் விஷயம் இருக்கு. அதுல ஒண்ணு ரெண்டை எடுத்து, அதை மட்டும் பெரிசாக்கினாத்தான் ஐயாயிரம் பேர் கூட்டத்துல கடைசி வரிசைக்காரருக்கும் யாருன்னு புரியும். ரஜினின்னா அந்த வேகமும், வாக்கியத்துக்கு நடுவுல மூச்சு வெட்டுற இடமும். எம்.ஆர்.ராதான்னா ஒரே பேச்சுல கீச்சுக்குரல்ல இருந்து கரகரப்புக்குத் தாவுறது. நம்பியாருக்கு மேடையில ரெண்டு கையைப் பிசைஞ்சாலே போதும், வாயே திறக்க வேண்டாம். ஆனா கேசட்ல கையைக் காட்ட முடியாது. அப்ப அதே நம்பியாரைக் குரல்ல எங்க பிடிக்கிறதுன்னு மறுபடி யோசிக்கணும்.

இதுல எனக்குப் பிடிச்ச உதாரணம் எம்ஜிஆர். 1967 ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டுல எம்.ஆர்.ராதா எம்ஜிஆரைச் சுட்டார். குண்டு கழுத்துல பாய்ஞ்சது. உயிர் பிழைச்சார், ஆனா குரல் மாறிப் போச்சு. அதுக்கு அப்புறம் வந்த படங்கள்ல அந்தக் குரல்லயே பேசி நடிச்சார். அப்ப எம்ஜிஆர் மாதிரிப் பேசணும்னா எந்த எம்ஜிஆர்? 'மந்திரி குமாரி' எம்ஜிஆரா, கோட்டையில உட்கார்ந்த எம்ஜிஆரா? மேடைகள்ல பெரும்பாலும் கேட்கிறது பின்னாடி வந்த குரல். அடிபட்ட குரலைத்தான் ஜனங்க தங்களோடதா ஏத்துக்கிட்டாங்க. கொஞ்சம் யோசிச்சா உடம்பு சிலிர்க்குது. ஒரு காயம், ஒரு மனுஷனோட அடையாளமா மாறி, அவர் போய் முப்பது நாற்பது வருஷம் கழிச்சு நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு கோயில் மேடையில திரும்ப ஒலிக்குது.

மந்திரி குமாரின்னு சொன்னதால ஒரு நிமிஷம் எங்க ஊர்ப் பெருமை. 1950-ல வந்த அந்தப் படத்தை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு போற வழியில அதோட நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிக்குது. அதை ஆரம்பிச்ச டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்துல லீட்ஸ்ல போய் ஜவுளி படிச்சவர். 1937-ல 'சதி அகல்யா'வோட ஆரம்பிச்சு நூறு படத்துக்கும் மேல அந்த ஸ்டூடியோவுல இருந்து வந்துச்சு. 'உத்தம புத்திரன்'ல என்.எஸ்.கிருஷ்ணன், 'அலிபாபாவும் 40 திருடர்களும்'ல தங்கவேலுன்னு நகைச்சுவை நடிகர்கள் பெரிய பெரிய ஆளுங்க இங்க வந்து நடிச்சாங்க. அங்க நிறைய கலைஞர்களுக்கு மாசச் சம்பளம். படம் ஓடினாலும் ஓடாட்டியும் ஒண்ணாம் தேதி காசு.

இதை ஏன் சொல்றேன்னா, மயில்சாமி வந்தப்ப அந்த உலகம் முடிஞ்சு போச்சு. கால்ஷீட் இருந்தாத்தான் காசு. இன்னிக்கு ஒரு நாள் வேலை, அடுத்தது எப்பன்னு தெரியாது. துண்டு வேஷம் பண்றவங்க வாழ்க்கை பூரா அதுதான். அதுல நாற்பது வருஷம் நிக்கறது சாதாரண விஷயம் இல்லைங்க.

மிமிக்ரியில இருந்து வர்றவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. மேடையில நீ எவ்வளவு நல்லா அடுத்தவரா மாறினியோ அவ்வளவு கைத்தட்டல். சினிமாவுல கேமரா முன்னாடி நின்னா, "ரஜினி மாதிரி வேண்டாம், ரஜினிதான் இருக்காரே. நீ யாரு, அதைக் காட்டு"ன்னு கேட்கும். பத்து வருஷம் அடுத்தவங்க தொண்டையில வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கஷ்டம்.

வடிவேல் பாலாஜியை நினைச்சுப் பாருங்க. மதுரைக்காரர். அவர் பேர் பாலாஜி. வடிவேலு மாதிரிப் பண்ணிப் பண்ணி, பேருக்கு முன்னாடியே வடிவேல் வந்து உட்கார்ந்துட்டார். அற்புதமான கலைஞர். டிவியில அவர் வந்தா வீடே சிரிக்கும். 2020 செப்டம்பர்ல, 45 வயசுல போயிட்டார். கடைசி வரைக்கும் ஜனங்க அவரைக் கூப்பிட்டது இன்னொருத்தர் பேரைச் சேர்த்துத்தான். ரோபோ சங்கருக்கு ஒரு இயந்திரமே பேரா வந்துச்சு. இதுல இருந்து முழுசா வெளிய வந்தவங்க கம்மி. சிவகார்த்திகேயன் விஜய் டிவி 'கலக்கப்போவது யாரு' மேடையில ஜெயிச்சு, 2012-ல 'மெரினா'வுல நடிக்க வந்து, கதாநாயகனாவே நின்னுட்டார். ஆனா அது ஆயிரத்துல ஒருத்தருக்குக் கிடைக்கிற கதை.

பக்கத்து மாநிலங்கள்ல கொஞ்சம் வேற மாதிரி. கேரளாவுல கொச்சின் கலாபவன்னு ஒரு நிறுவனம். பாட்டுக்கு நடுவுல இடைவெளியை நிரப்ப வந்த மிமிக்ரிக்காரங்களை ஒண்ணா நிறுத்தி, 1981-ல 'மிமிக்ஸ் பரேட்'னு அதையே தனி நிகழ்ச்சியா ஆக்கினாங்க. ஜெயராம், கலாபவன் மணி எல்லாம் அந்த நிறுவனத்துல இருந்து வந்தவங்க. 2021-ல கேரள சங்கீத நாடக அகாடமி மிமிக்ரியை ஒரு கலை வடிவமாவே அங்கீகரிச்சுது. தெலுங்குல வாரங்கல்காரர் நேரெல்ல வேணுமாதவ். இந்தியாவுல மிமிக்ரியோட தந்தைன்னே அவரைச் சொல்லுவாங்க. 2001-ல பத்மஸ்ரீ கிடைச்சுது, 2018-ல காலமானார். நம்ம ஊர்ல பலகுரல் இன்னும் பாட்டுக்கு நடுவுல வர்ற ஐட்டம்தான். அதுக்குன்னு ஒரு வீடு கட்டப்படவே இல்லை.

சரி, மயில்சாமி இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிச்சார்? அவர் கதாநாயகன் ஆகலை. தனி காமெடி டிராக் ஓட்டற ஆளாவும் ஆகலை. அவர் எடுத்தது மூணாவது வழி. மிமிக்ரிக்காரருக்கு உண்மையான சொத்து தொண்டை இல்லை, காது. கவனிச்சாத்தான் பண்ண முடியும். அந்தக் காதை அவர் காட்சிக்குள்ள கொண்டு வந்தார்.

இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். 'தூள்', 2003. விவேக்கோட மயில்சாமி வர்ற காட்சி. எல்லாரும் விவேக்கைத்தான் பார்ப்போம். இந்தத் தடவை விவேக் பேசும்போது மயில்சாமி முகத்தை மட்டும் பாருங்க. அவர் கேட்கிறார். தன்னோட வசனம் எப்ப வரும்னு காத்துட்டு நிக்கலை, உண்மையாவே எதிர்ல இருக்கிறவர் சொல்றதைக் கேட்கிறார். அந்தக் கேட்கிற முகம் இருக்கறதாலதான் விவேக் சொல்றது சிரிப்பா வெடிக்குது. கிரிக்கெட்டுல மறுமுனையில நின்னு ஸ்ட்ரைக்கை மாத்திக் கொடுக்கிற பேட்ஸ்மேன் மாதிரி. அவர் பேர் பெருசா ஸ்கோர் போர்டுல வராது. ஆனா அந்த ஆள் அவுட் ஆனா இந்தப் பக்கம் அடிக்கிறவனும் திணறிப் போவான்.

அதுக்கு ஒரு அங்கீகாரமும் கிடைச்சுது. 2004-ல வந்த பாரதிராஜாவோட 'கண்களால் கைது செய்' படத்துக்கு, சிறந்த நகைச்சுவை நடிகருக்கான தமிழ்நாடு அரசு விருது மயில்சாமிக்கு. படமே நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. இருபது வருஷம் மேடையிலயும் மூலையிலயும் நின்னதுக்கு வந்த விருதா அதை நான் பார்க்கிறேன்.

இன்னொண்ணு சன் டிவியில 'காமெடி டைம்'. தொண்ணூறுகள்ல பிறந்தவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். நேயர்கள் ஃபோன் பண்ணுவாங்க, கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் ஒரு படக் காமெடி போடுவாங்க. அதைத் தொகுத்து வழங்கினவங்கள்ல மயில்சாமியும் ஒருத்தர். அங்க எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது, யார் வேஷமும் கிடையாது. யாரோ ஒரு ஊர்ல இருந்து பயந்து பயந்து பேசற ஒருத்தரை அரை நிமிஷத்துல சகஜமாக்கணும். அங்க வேலை செஞ்சதும் அதே காதுதான். அங்க அவர் பேசினது சத்தியமங்கலத்துக் குரல்.

இனி நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

மயில்சாமி தீவிர எம்ஜிஆர் பக்தர். இது ஊருக்கே தெரியும். எந்தப் பேட்டியை எடுத்தாலும் எம்ஜிஆர் வந்துடுவார். மிமிக்ரிக்காரர்களுக்கு எம்ஜிஆர் ஒரு ஐட்டம். கண்ணாடி, தொப்பி, அந்தக் குரல், கைத்தட்டல், முடிஞ்சது. மயில்சாமி எம்ஜிஆர்கிட்ட இருந்து எடுத்தது வேற ஒண்ணு. கொடுக்கிற பழக்கத்தை எடுத்தார்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கும். அவர் இருந்த சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் தண்ணிக்குள்ள இறங்கி சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தார். விவேக் ஒரு மேடையில சொன்ன சம்பவம் வீடியோவா இன்னும் சுத்துது. சுனாமி நேரத்துல இந்தி நடிகர் விவேக் ஓபராய் இங்க வந்து கடலூர் பக்கம் உதவி பண்ணிட்டு இருந்தார். அதைப் பார்த்துட்டு மயில்சாமி தன் கழுத்துல கிடந்த எம்ஜிஆர் டாலர் போட்ட சங்கிலியைக் கழட்டி அவருக்குப் போட்டாராம். வந்தவர் கோடீஸ்வரர், சங்கிலி போட்டவர் ரெண்டு நிமிஷ வேஷக்காரர். கணக்குப் போட்டுப் பார்த்தா பைத்தியக்காரத்தனம். விவேக் அதை அவ்வளவு சிரிப்பாச் சொல்லுவார், கேட்டு முடிச்சா நமக்குத் தொண்டை அடைக்கும்.

2021 சட்டமன்றத் தேர்தல்ல விருகம்பாக்கத்துல சுயேச்சையா நின்னார். தோத்தார். மீம் போட்டவங்களும் இருந்தாங்க. எம்ஜிஆரைப் பார்த்து வளர்ந்த எத்தனையோ நடிகர்கள் அவர் போன வழியில முதலமைச்சர் நாற்காலி வரைக்கும் கனவு கண்டாங்க. இவர் தன் தெருவுக்கு எம்எல்ஏ ஆகலாம்னு பார்த்தார். தோத்ததுக்கு அப்புறமும் தெருவுல அதே மாதிரிதான் இருந்தார்.

பாவனை பண்றதுன்னா என்னங்கிறதுக்கு எனக்கு இங்கதான் பதில் கிடைச்சுது. நாம எல்லாருமே யாரையாவது பார்த்துத்தான் நடக்கிறோம். ஆபீஸ்ல சீனியர் மாதிரி மெயில் எழுதறோம். பிடிச்ச யூடியூபர் மாதிரிப் பேசறோம். இதுல வெட்கம் ஒண்ணும் இல்லை. ஆனா அவங்ககிட்ட இருந்து எதை எடுக்கிறோம்ங்கிறது நம்ம முடிவு. அந்த முடிவு முழுக்க நம்மளுது. குரலை எடுத்தா கைத்தட்டல். குணத்தை எடுத்தா செலவு. மயில்சாமி செலவை எடுத்துக்கிட்டார். எனக்கு அவர்கிட்ட மனசு நிக்கிற இடம் அதுதான்.

இதுல ஒரு எதிர்க் கேள்வியும் இருக்கு. நிலையான சம்பளம் இல்லாத ஒருத்தர் இப்படிக் கொடுத்துட்டே இருந்தா வீட்டுல இருக்கிறவங்க கதி? நியாயமான கேள்வி. வெளியில இருந்து அதுக்கு நாம தீர்ப்பு சொல்ல முடியாது. கொடையைப் பத்திப் பேசும்போது அந்த வீட்டுக்காரங்களையும் சேர்த்து நினைக்கணும்னு மட்டும் சொல்லுவேன். ஒருத்தர் கை நீண்டா அது அந்தக் குடும்பத்தோட கையும்தான்.

2023 பிப்ரவரி 18, மகா சிவராத்திரி. கேளம்பாக்கம் மேகநாதேஸ்வரர் கோயில்ல ராத்திரி வழிபாடு. டிரம்ஸ் சிவமணியும் அங்க இருந்தார். மயில்சாமி அங்க இருந்துட்டு வீட்டுக்கு வந்தவர், விடியக் காலையில உடம்புக்கு முடியாமப் போய் இறந்துட்டார். 57 வயசு. அஞ்சலி செலுத்த வந்த ரஜினிகாந்த், பார்த்தா எம்ஜிஆர் பத்தியும் சிவன் பத்தியும்தான் பேசுவார், சினிமாவைப் பத்திப் பேச மாட்டார்ங்கிற மாதிரி நினைவு கூர்ந்தார். வாய்ப்பு கேட்கலாம்ங்கிற இடத்துலயும் சினிமாவைப் பத்திப் பேசாத ஒரு துணை நடிகர்!

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 2024-ல 'லால் சலாம்' படத்துக்கு ஏ.ஆர்.ரகுமான், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் செயற்கை நுண்ணறிவுல திரும்பக் கொண்டு வந்து பாட வச்சார். குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்துத்தான் பண்ணினதாச் சொன்னார். அது ஒழுங்கா நடந்த விஷயம். ஆனா இன்னிக்குச் சில நொடி குரல் மாதிரி இருந்தா, கேட்காமலே யார் வேணும்னாலும் யார் குரலையும் செய்யலாம். அப்ப பலகுரல் கலைஞருக்கு இனி என்ன வேலை?

ராசிபுரம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இருக்கார். இருபத்தஞ்சு வருஷமா மேடையில மிமிக்ரி. பகல்ல ஒரு கோழித்தீவனக் கடையில கணக்கு எழுதறார். அவர்கிட்ட இதையே கேட்டேன். "ஏனுங்ண்ணா, இந்த ஏஐ வந்துட்டா உங்க பொழப்பு என்னாகும்?"

சிரிச்சார். "தம்பி, ஏஐ வர்றதுக்கு முன்னாடியே டிஜே வந்து பாதிப் பொழப்பு போயிருச்சு. அதை விடு. நான் ஒரு ஊருக்குப் போனா முதல் வேலை என்ன தெரியுமா? சாயங்காலமே போய் டீக்கடையில உட்காருவேன். மைக்செட்டுக்காரர் எப்படிப் பேசறாரு, வரி வசூல் பண்றவரு எப்படிக் கூப்பிடறாரு, எந்தப் பெரியவருக்கு எந்தப் பேச்சு வாயில ஓடுது, எல்லாம் கேட்டுக்குவேன். ராத்திரி மேடையில ரஜினி பண்ணினா கை தட்டுவாங்க. அந்த ஊரு மைக்செட்டுக்காரரைப் பண்ணினா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அவரும் சிரிப்பாரு. மிஷினுக்கு அந்த ஊரு யாரு ஊருன்னு எப்படித் தெரியும்?"

அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, "யாரைப் பண்ணக் கூடாதுன்னும் தெரியணும் தம்பி. போன மாசம் வீட்டுல சாவு விழுந்தவரைப் பண்ணக் கூடாது. திக்கிப் பேசற பையனைப் பண்ணக் கூடாது. அதுவும் டீக்கடையிலதான் தெரியும்"னார்.

நான் அதுக்கு மேல எதுவும் கேட்கலை. இந்தக் கலையோட முழு இலக்கணமும் அந்த ரெண்டு பதில்ல இருக்கு. தொண்டையை மிஷின் எடுத்துக்கலாம். டீக்கடையில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற காதும், இவரை விட்டுடலாம்னு முடிவு பண்ற மனசும் மனுஷன்கிட்டத்தான் இருக்கு. மயில்சாமி தூள் படத்துல கேட்டுட்டு நிக்கறதும் காமெடி டைம்ல ஃபோன்ல கேட்டதும் அதே காதுதான்.

அதே சமயம் அந்த அண்ணன் சொன்ன முதல் வாக்கியத்தையும் மறக்கக் கூடாது. பாதிப் பொழப்பு போயிருச்சுன்னார். திறமை இருந்தா போதும், பொழச்சுக்கலாம்னு நாம வெளியில இருந்து சொல்றது சுலபம். மேடை இருந்தாத்தான் காதுக்கு வேலை. அதனால உங்க காலேஜ் விழாவோ அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவோ நடந்தா, டிஜேக்குக் கொடுக்கிற காசுல ஒரு பங்கை எடுத்து உள்ளூர் பலகுரல் கலைஞர் ஒருத்தரைக் கூப்பிடுங்க. பத்து நிமிஷம் போதும்னு சொல்லாதீங்க, அரை மணி நேரம் கொடுங்க. ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லி, உங்க செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் அசோசியேஷன் செகரட்டரிகிட்டயும் பேச விடுங்க. அப்புறம் நடக்கறதைப் பாருங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. மயில்சாமி வர்ற காட்சி ஏதாவது ஒண்ணை எடுத்து, அவர் பேசாத நேரத்துல அவரை மட்டும் பாருங்க. எந்தப் படம், என்ன பார்த்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. நல்லதா வந்ததை அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். நான் ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமா வச்சுக்கறேன்.